வளர்த்த நாய் அப்பாவைக் கடித்துவிட்டது: ஏன் இப்படி?

மீனாட்சிபுரத்தாள் (மதுரை), புதன், இரவு 11.20

எல்லாருக்கும் வணக்கம். மூன்று நாளாகச் சரியான தூக்கம் இல்லை. யாரிடமாவது கேட்டே ஆக வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டு மணி, லாப்ரடார், ஏழு வயது. உள்ளங்கையில் தூக்குகிற குட்டியாக வந்தவன். ஞாயிற்றுக்கிழமை காலை அவனைக் குளிப்பாட்டிவிட்டு அப்பா துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். ஏழு வருசமாக வாராவாரம் நடப்பதுதான். சட்டென்று திரும்பி அப்பாவின் வலது கையைக் கவ்விவிட்டான். உறுமவில்லை, பல்லைக் காட்டவில்லை. கடித்த மறுநொடியே விட்டுவிட்டு, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்ச் சுருண்டுகொண்டான். அப்பாவின் மணிக்கட்டுக்கு மேலே நான்கு ஓட்டை. அவனைத் துவட்டிய துண்டு முழுக்க ரத்தம்.

பக்கத்து வீட்டு மாமா ஓடி வந்து பார்த்துவிட்டு, "வளர்த்த கடா மாரில் பாய்ந்துவிட்டதே" என்றார். அப்பாவுக்குக் கைவலியை விட அந்தச் சொல்தான் அதிகமாக வலிக்கிறது. தன் தட்டிலிருந்து பாதி இட்லியைப் பிட்டுப் போட்டுத்தான் அவர் சாப்பிடவே ஆரம்பிப்பார். இப்போது மணி பக்கத்தில் வந்தாலே கையை மடக்கி வைத்துக்கொள்கிறார்.

அண்ணன் சென்னையில் இருக்கிறான், அவனுக்கு மூன்று வயதில் மகன். "நாயை எங்காவது அனுப்புங்கள், இல்லாவிட்டால் தீபாவளிக்கு நாங்கள் வரமாட்டோம்" என்கிறான். அவனைத் தப்பு சொல்லவும் முடியவில்லை.

நன்றியுள்ள பிராணி என்று பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதினோமே. ஏன் இப்படிச் செய்தது?

தென்றல்வீதி (திருச்சி), புதன், இரவு 11.48

வருத்தமாக இருக்கிறது தங்கச்சி. ஆனால் உங்கள் அண்ணன் சொல்வதுதான் சரி. ஒரு தடவை கடித்த நாய் மறுபடியும் கடிக்கும். 2022 ஜூலையில் லக்னோவில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? 82 வயது ஓய்வுபெற்ற ஆசிரியை, வீட்டிலேயே வளர்ந்த பிட்புல் கடித்து இறந்துபோனார். அந்த நாயும் அந்த வீட்டுச் சோற்றைத் தின்றதுதான். மிருகம் மிருகம்தான். பாசத்தில் கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள்.

கால்நடை65 (நாமக்கல்), வியாழன், காலை 6.05

நான் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர். முப்பது வருசத்துக்கு மேல் மாட்டாஸ்பத்திரியில் வேலை. நாய் ஏன் கடித்தது என்பதை அப்புறம் பேசலாம். முதலில் அப்பாவின் கை.

கடித்த உடனே ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவியிருக்க வேண்டும். காப்பித்தூள், சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய் எதையும் வைத்திருக்கக் கூடாது. வீட்டு நாய்தானே, அதற்கு வருசா வருசம் தடுப்பூசி போடுகிறோமே என்று நினைத்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்ற காலமெல்லாம் போய்விட்டது. இப்போது தோலில் போடும் ஊசி, கடித்த நாளிலிருந்து 0, 3, 7, 28 என்று நான்கு நாட்கள். ரத்தம் வந்த கடி என்றால் அதோடு இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தையும் காயத்துக்குள்ளும் அதைச் சுற்றியும் போடுவார்கள். ஊசியால் உடம்பு தானே எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கச் சில நாள் ஆகும். அதுவரைக்கும் காவல் இந்த மருந்துதான்.

மணியைப் பத்து நாள் வீட்டிலேயே வைத்துக் கவனியுங்கள். எங்கும் அனுப்ப வேண்டாம். கடித்த அன்று அதன் எச்சிலில் ரேபிஸ் கிருமி இருந்திருந்தால் இந்தப் பத்து நாளுக்குள் நாய்க்கு நோய் வெளிப்பட்டுவிடும். குரல் மாறுவது, தாடை தொங்குவது, விழுங்க முடியாமல் எச்சில் ஒழுகுவது, இருட்டு மூலையைத் தேடுவது, இதில் எது தெரிந்தாலும் கிட்டே போகாமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். வெறிநாய் என்றால் தெருவெல்லாம் ஓடிக் கடிக்கும் என்றுதான் நினைக்கிறோம். ஊமையாகப் படுத்தே சாகிற வகையும் உண்டு.

இப்போது ஒரு கேள்வி. அப்பா தலையைத்தானே துவட்டினார்? கடந்த இரண்டு மாதத்தில் மணி தலையை உதறியதா? காதைச் சொறிந்ததா? யோசித்துச் சொல்லம்மா.

பழனிமலை (திண்டுக்கல்), வியாழன், காலை 9.30

காது கீது எல்லாம் இல்லை. செல்லம் கொடுத்துக் கெடுத்திருக்கிறீர்கள். நாய் ஓநாய்க் கூட்டத்திலிருந்து வந்தது. வீட்டில் யார் தலைவன் என்று அதற்குத் தெரிய வேண்டும். உங்கள் அப்பாவைத் தனக்குக் கீழே என்று நினைத்துவிட்டது. மல்லாக்கப் போட்டுக் கழுத்தை அமுக்கிப் பிடியுங்கள், அடங்கும்வரை விடாதீர்கள். சோபாவில் ஏற்றக் கூடாது, நாம் சாப்பிட்ட பிறகுதான் அதற்குச் சோறு. நான் இரண்டு ஜெர்மன் ஷெப்பர்டை இப்படித்தான் வளர்த்தேன்.

மீனாட்சிபுரத்தாள், வியாழன், மதியம் 2.10

டாக்டர் ஐயா, ரொம்ப நன்றி. அம்மா பதற்றத்தில் காப்பித்தூளைத்தான் அப்பிவிட்டார், எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்கிறார். அரசு மருத்துவமனையில் அதைக் கழுவி எடுத்துவிட்டுத்தான் மருந்து போட்டார்கள். முதல் ஊசி ஞாயிற்றுக்கிழமையே போட்டாயிற்று, இரண்டாவது நேற்று. தையல் போடவில்லை.

நீங்கள் கேட்டதை வைத்து இன்று காலை முழுக்க யோசித்தோம். ஆமாம் ஐயா. தலையை உதறுகிறான். உதறும்போது காது மடல் பட் பட் என்று அடிக்கும், நாங்கள் அதைப் பார்த்துச் சிரிப்போம். சோபா ஓரத்தில் தலையின் வலது பக்கத்தை வைத்துத் தேய்ப்பான். அப்பா டிவி பார்க்கும்போது அவன் காதை வருடிக்கொண்டே இருப்பார், சின்னக் குட்டியிலிருந்தே அப்படித்தான். இப்போது கொஞ்ச நாளாகக் கை வைத்ததும் எழுந்து போய்விடுகிறான். வயசாகிறது, தனியாக இருக்க ஆசைப்படுகிறான் என்று அம்மா சொன்னார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு மாதம் முன்னால் அப்பா காதைத் தொட்டபோது உறுமினான். அப்பாவுக்கு வந்த கோபத்தில் பேப்பரைச் சுருட்டி மூக்கிலேயே ஒரு அடி போட்டார். அதற்கடுத்த வாரமும் உறுமினான், மறுபடியும் அடி விழுந்தது. அதற்கப்புறம் உறுமவே இல்லை. திருந்திவிட்டான் என்று நினைத்தோம்.

கால்நடை65, வியாழன், மாலை 5.45

> அதற்கப்புறம் உறுமவே இல்லை. திருந்திவிட்டான் என்று நினைத்தோம்.

அம்மா, இந்த ஒரு வரியில்தான் விசயமே இருக்கிறது. உங்கள் அப்பாவைக் குறை சொல்வதாக நினைக்காதீர்கள். நூற்றுக்குத் தொண்ணூறு வீட்டில் இதைத்தான் செய்கிறோம். நானே சின்ன வயதில் செய்திருக்கிறேன்.

நாய்க்கு வாயில்லை. "தொடாதே, வலிக்கிறது" என்று சொல்ல அதற்கு இருக்கிற வழிகள் கொஞ்சம்தான். முதலில் முகத்தைத் திருப்பும், மூக்கை நக்கிக்கொள்ளும், தூக்கமே வராதபோது கொட்டாவி விடும். நீங்கள் கவனிக்காவிட்டால் காதைப் பின்னால் மடக்கும், எழுந்து போகும். அதற்கும் விடாவிட்டால் உடம்பு விறைக்கும், கடைக்கண்ணில் வெள்ளை தெரியும். அப்புறம்தான் உறுமல். அதற்குப் பிறகு காற்றில் ஒரு கவ்வு, கடைசியாகக் கடி. கெண்டல் ஷெப்பர்ட் என்ற பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் இதை ஓர் ஏணியாகவே வரைந்து காட்டியிருக்கிறார். நாய் கீழ்ப்படியிலிருந்து ஒவ்வொன்றாக ஏறுகிறது.

மணி முகத்தைத் திருப்பியிருப்பான், எழுந்து போயிருக்கிறான், உறுமியிருக்கிறான். உறுமியதற்கு அடி விழுந்தது. ஆக, உறுமக் கூடாது என்று கற்றுக்கொண்டான். ஆனால் காது வலி அப்படியே இருக்கிறது. அந்தப் படியை நாமே பிடுங்கிவிட்டோம், மிச்சம் இருந்தது கடி ஒன்றுதான். "திடீரென்று கடித்தது" என்று என்னிடம் வந்தவர்களிடம் பொறுமையாக உட்கார்ந்து கேட்டால் அநேகமாக ஒரு பழைய உறுமல் கதை வரும். குலைக்கிற நாய் கடிக்காது என்ற பழமொழியால் வேறு நாம் கெட்டோம். குலைப்பதையும் உறுமுவதையும் அது வெறும் பேச்சு என்று தள்ளிவிடுகிறோம்.

இன்னும் ஒன்று கவனித்தீர்களா? கடித்த உடனே விட்டுவிட்டான், போய் ஒளிந்துகொண்டான். உங்கள் அப்பாவை வெறுத்துக் கடித்தவன் அப்படிச் செய்யமாட்டான். வலி பொறுக்காமல் கடித்திருக்கிறான்.

லாப்ரடாருக்குத் தொங்கு காது. குளிப்பாட்டும் தண்ணீர் உள்ளே போனால் காற்றுப் புகாமல் அங்கேயே புழுங்கும். உடனே காதைக் காட்டுங்கள். கூட்டிப் போகும்போது வாய்மூடி போடுங்கள். நீங்களே காதைப் பிரித்துப் பார்க்க வேண்டாம்.

கரிசல்மண் (கோவில்பட்டி), வியாழன், இரவு 8.15

பழனிமலை அண்ணே, நீங்கள் சொன்ன மல்லாக்கப் போடுகிற வேலையை நான் செய்து பார்த்து முகத்தில் ஏழு தையல் வாங்கியவன். அதனால் கோபிக்காமல் கேளுங்கள்.

அந்தத் தலைவன் கதை 1947-ல் ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் சுவிட்சர்லாந்தில் அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதியது. ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களை ஒரே அடைப்பில் போட்டால் சண்டை போடத்தான் செய்யும். அமெரிக்காவின் ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1970-ல் தன் நூலில் அதை எடுத்து எழுதியதும் உலகமெல்லாம் பரவியது. அவரே பிறகு கனடாவின் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களோடு பல கோடைக்காலம் இருந்து பார்த்தார். அங்கே இருந்தது அப்பா, அம்மா, பிள்ளைகள். குடும்பம், அவ்வளவுதான். நான் எழுதியது தவறு என்று 1999-ல் அவரே கட்டுரை வெளியிட்டார். அவரே கைவிட்டதை நாம் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

2009-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மெகன் ஹெரான் குழுவினர் நாய் வளர்ப்பவர்களிடம் கேட்டு ஓர் ஆய்வு செய்தார்கள். நாயை அடித்தோ உதைத்தோ பார்த்தவர்களில் 43 சதவீதம் பேரிடம் நாய் எதிர்த்துச் சீறியிருக்கிறது. மல்லாக்கப் போட்டு அமுக்கியவர்களில் 31 சதவீதம். வெறுமனே முறைத்துப் பார்த்ததற்கே 30. இதைப் படித்தபோது என் தழும்பைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

என் கதை இதுதான். தெருநாய் ஒன்று கேட்டுக்கு வெளியே நின்று சண்டைக்கு இழுத்தது. என் கோம்பை நாய் உள்ளேயிருந்து கம்பியில் பாய்ந்துகொண்டிருந்தது. நான் பின்னாலிருந்து கழுத்து பெல்ட்டைப் பிடித்து இழுத்தேன். யாரென்று பார்க்காமல் திரும்பிக் கடித்தது, கெண்டைக்காலில். அது எனக்கு விழ வேண்டிய கடியே இல்லை, வெளியே நின்ற நாய்க்கு. ஆனால் நான் அன்று சாயங்காலமே அதற்குப் பாடம் புகட்டுகிறேன் என்று மல்லாக்கப் போட்டு மேலே குனிந்தேன். ஏழு தையல் அப்போது வந்தது. முதல் கடி விபத்து, இரண்டாவது நானே கேட்டு வாங்கியது.

செவல்பட்டியான் (ராஜபாளையம் பக்கம்), வியாழன், இரவு 10.02

நான் ராஜபாளையம் நாய் வளர்ப்பவன். எங்கள் ஊர் நாய்க்கு 2005-ல் தபால்தலையே வெளியிட்டார்கள், அந்தப் பெருமை எனக்கு உண்டு. ஆனால் அதோடு ஒரு சங்கடமும் உண்டு, அதைச் சொல்லத்தான் வந்தேன்.

என்னிடம் ஒரு வெள்ளைக் குட்டி இருந்தது, ரோஜா நிற மூக்கு, பார்க்க அவ்வளவு லட்சணம். பத்து மாதத்தில் என் மனைவியைக் கடித்தது. படுத்திருந்ததைக் கடந்து போகும்போது முதுகில் கை வைத்திருக்கிறாள். இரண்டாவது தடவை என் அம்மாவை, அதே மாதிரி. கொடூரமான நாய் என்று முடிவு கட்டிவிட்டோம். ஊரில் ஒரு பெரியவர் வந்து, அது தூங்கும்போது தலைக்குப் பின்னால் நின்று எவர்சில்வர் தட்டில் கரண்டியால் ஓங்கித் தட்டினார். காது அசையவில்லை. தரையில் காலால் ஓங்கி மிதித்தார், துள்ளி எழுந்தது.

பிறவிச் செவிடு. எங்கள் வெள்ளை நாய்களில் இது உண்டு, வெள்ளை நிறத்தோடு சேர்ந்தே வருகிற குறை. பத்து மாதமாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறோம், திமிர் பிடித்த நாய் என்று திட்டியிருக்கிறோம். அது மற்ற நாயைப் பார்த்துத்தான் எழுந்து வந்திருக்கிறது. தூக்கத்தில் ஒரு கை மேலே விழுந்தால் அதற்கு அது யார் கை என்று எப்படித் தெரியும்?

அதிலிருந்து பக்கத்தில் போகும் முன் தரையில் இரண்டு மிதி. பதினொரு வருசம் இருந்தது, பிறகு ஒருவரையும் கடிக்கவில்லை. குட்டி வாங்கும்போது தட்டைத் தட்டிப் பாருங்கள் என்று யார் கேட்டாலும் சொல்கிறேன்.

தென்றல்வீதி, வெள்ளி, காலை 7.20

எல்லாரும் நாய் பக்கமே பேசுகிறீர்கள். காரணம் தெரிந்தால் கடி குறைந்துவிடுமா? மூன்று வயதுக் குழந்தைக்கு ஏணியும் படியும் தெரியுமா? அது போய்க் கழுத்தைக் கட்டிக்கொள்ளும். பிட்புல், ராட்வீலர் உட்பட 23 இனங்களைத் தடை செய்யச் சொல்லி 2024 மார்ச்சில் மத்திய அரசே மாநிலங்களுக்கு எழுதியது. சும்மாவா எழுதியிருப்பார்கள்?

கால்நடை65, வெள்ளி, காலை 10.40

தம்பி, குழந்தையைப் பற்றி நீங்கள் சொல்வது முழுக்க நியாயம். குழந்தைகளைக் கடிப்பது பெரும்பாலும் அவர்களுக்குப் பழகிய நாய்தான். கட்டிப்பிடிப்பது நமக்குப் பாசம், நாய்க்கு அது அமுக்கிப் பிடிப்பது. குழந்தையின் முகமும் நாயின் வாயும் ஒரே உயரத்தில் இருக்கிறது, அதனால் கடி முகத்தில் விழுகிறது. பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் எந்த நாயையும் சின்னக் குழந்தையோடு விடக் கூடாது. எவ்வளவு சாதுவான நாயானாலும் சரி.

இனம் பற்றி: அந்த 23 இனச் சுற்றறிக்கையைக் கர்நாடக உயர் நீதிமன்றம் அதே வருசம் ஏப்ரலில் ரத்து செய்துவிட்டது, சம்பந்தப்பட்டவர்களைக் கேட்காமல் போட்டது என்று. ஆனாலும் இனம் ஒரு பொருட்டே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பொமரேனியன் கடித்தால் கட்டுப் போடுவோம், ராட்வீலர் கடித்தால் சதையே போய்விடும். அடுக்குமாடி வீட்டில் நாள் முழுக்கக் கட்டிப்போட்டு அந்த இனத்தை வளர்ப்பவர்களைக் கண்டால் எனக்கும் பயம்தான்.

நான் அதிகமாகப் பார்த்த தவறு வேறு. தாயிடமிருந்து சீக்கிரமே பிரித்துவிடுகிறார்கள். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்று 2017 விதியே இருக்கிறது. முப்பது நாள் குட்டியைப் பையில் போட்டுக் கொண்டுவருகிறார்கள். கூடப்பிறந்த குட்டியைக் கடித்து, அது கத்தி விலகி ஓடி, அப்படித்தான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்ற அளவு அதற்குப் பிடிபடும். அந்தப் பாடம் இல்லாமல் வளர்ந்த நாய் விளையாட்டிலும் அழுத்தும், பயத்திலும் அழுத்தும். மூன்றிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் பார்த்த மனிதர்கள், கேட்ட சத்தங்கள்தான் அதற்குச் சாதாரணம். அப்போது வீட்டுக்குள்ளேயே பூட்டி வளர்த்துவிட்டு இரண்டு வயதில் விருந்தாளியைக் கடித்ததும் திகைக்கிறோம்.

குட்டி போட்ட தாய், எலும்பைக் கடித்துக்கொண்டிருக்கும் நாய், இடுப்பு மூட்டு தேய்ந்த கிழட்டு நாய், இவற்றையெல்லாம் தனியாக எழுத வேண்டும். வலிப்பு வந்து தெளிகிற நாய்க்கும் சில நிமிடங்கள் ஆள் அடையாளம் தெரியாது, அப்போது தடவிக் கொடுக்கப் போகாதீர்கள்.

மல்லிகைப்பந்தல் (கும்பகோணம்), வெள்ளி, மாலை 4.30

இதுவரை யாரிடமும் சொல்லாததை எழுதுகிறேன்.

எங்கள் ஜூலி, வெள்ளை பொமரேனியன். பதிமூன்று வயதில் என்னைக் கடிக்க ஆரம்பித்தாள். கண்ணில் புரை விழுந்துவிட்டது. அதற்கு முன்பே ராத்திரியில் எழுந்து நடப்பாள். ஒரு நாள் விடியற்காலை பூஜை அறைக் கதவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. திரும்பி வர வழி தெரியவில்லை அவளுக்கு. தூக்கினேன், கடித்தாள். என்னை அவளுக்குத் தெரியவில்லை. மனிதர்களுக்கு வயதானால் மறதி வருவதுபோல நாய்க்கும் மூளை தேயும் என்று மருத்துவர் சொன்னார். மாத்திரை கொடுத்தார், சில மாதம் கொஞ்சம் தேவலை.

கடைசியில் சோறும் இறங்கவில்லை. என் மடியில் வைத்துத்தான் ஊசி போட்டார்கள். அன்று என் கை முழுக்க அவள் பல் பட்ட கீறல்கள். என் தங்கை "இத்தனை வருசம் வளர்த்ததற்கு இதுதான் கைம்மாறா" என்று கேட்டாள். எனக்கு ஒரு நிமிடம்கூட அப்படித் தோன்றியதில்லை.

மீனாட்சிபுரத்தாள், உன் மணிக்கு ஏழு வயதுதான். காது வலி சரியாகிற வலி. தெருவில் மட்டும் விட்டுவிடாதே அம்மா. 1960-ஆம் வருசத்து விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி அது குற்றம் என்பது ஒரு பக்கம். வீட்டுச் சோறு தின்ற நாய்க்குத் தெருவில் பிழைக்கத் தெரியாது.

பழனிமலை, வெள்ளி, இரவு 9.10

கரிசல்மண் தம்பி எழுதியதைப் படித்தேன். என் இரண்டு ஷெப்பர்டும் என்னிடம் அடங்கித்தான் இருந்தன. ஆனால் பெரியது என் மகளை இரண்டு தடவை கடித்தது, நான் வீட்டில் இல்லாதபோது. அவளுக்குத்தான் அதட்டத் தெரியவில்லை என்று இவ்வளவு நாள் அவளையே திட்டிக்கொண்டிருந்தேன். இன்று சாயங்காலம் அவளுக்கு போன் செய்தேன். "என்னைக் கண்டால் அதற்குப் பயமில்லை அப்பா, உங்களைக் கண்டால்தான் பயம், உங்கள் பைக் சத்தம் கேட்டாலே மூத்திரம் விட்டுவிடும்" என்றாள். இதை அவள் அப்போதே சொல்லியிருக்கிறாள், நான்தான் காதில் வாங்கவில்லை.

மீனாட்சிபுரத்தாள், நாலாவது வாரம், ஞாயிறு, மாலை 6.00

இன்று அப்பாவுக்கு நான்காவது ஊசி போட்டாயிற்று. காயம் ஆறிவிட்டது, நான்கு வட்டத் தழும்பு மட்டும் இருக்கிறது. மணி நன்றாகச் சாப்பிடுகிறான், பத்து நாளைத் தாண்டி நாலு வாரமும் ஆகிவிட்டது.

காதைப் பற்றிச் சொல்கிறேன். வாய்மூடி போட்டும் தொட விடவில்லை, மயக்க ஊசி போட்டுத்தான் பார்க்க முடிந்தது. வலது காதை மருத்துவர் மடித்துக் காட்டினார். உள்ளே தோல் சிவந்து தடித்து, பழுப்பாக அழுக்கும் சீழும். அந்த வாடை அறை முழுக்க வந்தது. பஞ்சு பஞ்சாக எடுத்துக்கொண்டே இருந்தார். அப்பா ஒன்றும் பேசாமல் வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றுவிட்டார். திரும்பி வந்து, "இதைத்தானே நான் துண்டை விட்டுக் குடைந்துகொண்டிருந்தேன்" என்றார்.

மூன்று வாரம் சொட்டு மருந்து. முதல் வாரம் நான் மட்டும்தான் போட்டேன், ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு துண்டு வேகவைத்த ஈரல் கொடுத்து. இப்போது மருந்துக் குப்பியைக் கண்டாலே தானே வந்து உட்காருகிறான். குளிப்பாட்டும்போது காதில் பஞ்சு வைக்கிறோம். தலையை யாரும் துவட்டுவதில்லை, அவனே உதறிக்கொள்கிறான்.

போன வாரம் உறுமினான். அம்மா அவன் படுத்திருந்த பாயை இழுத்தபோது. எல்லாரும் அப்படியே நின்றோம், அம்மா பாயை விட்டுவிட்டார், அவன் மறுபடியும் தலையைக் கீழே வைத்துக்கொண்டான். உறுமல் திரும்பி வந்ததற்கு இவ்வளவு சந்தோசப்படுவேன் என்று நினைத்ததே இல்லை ஐயா.

அண்ணன் இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. தீபாவளிக்கு வருகிறான், ஆனால் மணி மாடி அறையில்தான் இருக்க வேண்டும் என்கிறான். வெடிச் சத்தத்துக்கும் அதுதான் நல்லது என்று சரி சொல்லிவிட்டோம். மாடிப்படியில் ஒரு சின்னக் கம்பிக் கதவு வைக்கத் தச்சரிடம் சொல்லியிருக்கிறேன்.

இன்று காலை அப்பா இட்லியைப் பிட்டு, கையை நீட்டாமல் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார். மணி அதைத் தின்றுவிட்டு, நடந்து வந்து அவர் பாதத்தின் மேல் தாடையை வைத்துப் படுத்தான். அப்பா காதைத் தொடவில்லை. முதுகில் ஒரு விரலால் மெதுவாகத் தடவினார், எடுத்துவிட்டார். அவன் தலையைத் திருப்பி அவர் கையைப் பார்த்தான். அப்பா மறுபடியும் தடவினார்.